பாலர் பள்ளிக்குப் பூட்டு விழுந்தால்...

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி. மதுரை கே.கே. நகரில் இயங்கிவந்த ஒரு தனியார் மழலையர் பள்ளியில், கோடைக்காலப் பயிற்சிக்கு வந்திருந்த நான்கு வயதுப் பெண்குழந்தை தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து உயிரிழந்தது. பள்ளிப் பொறுப்பாளர் கைது செய்யப்பட்டார். அதிகாரிகள் வந்து கட்டிடத்தைப் பூட்டி முத்திரை வைத்தனர். மாவட்டத்திலுள்ள பிற மழலையர் பள்ளிகளையும் ஆய்வு செய்ய ஆணை பிறந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில், சனவரி 3ஆம் தேதி, விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் எல்.கே.ஜி. குழந்தை கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து இறந்த துயரமும் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

இத்தகைய செய்திகளில் நாளேடுகள் முத்திரை வைத்ததோடு நின்றுவிடுகின்றன. ஆனால் அந்தப் பள்ளிக்கு நேற்றுவரை சென்றுகொண்டிருந்த மற்றக் குழந்தைகள் என்ன ஆவார்கள்? அவர்களுடைய பெற்றோர் மறுநாள் காலை என்ன செய்வார்கள்? இதை எடுத்துச் சொல்வார் இல்லை.

நம் தருமபுரி மாவட்டத்தில் வாரக்கணக்கில் ஓசூரிலும் பெங்களூரிலும் தங்கி உழைக்கும் தந்தையர் பலர். தையற்கூடங்களிலும் மண்டிகளிலும் கூலிக்குச் செல்லும் தாய்மார்கள் பலர். இவர்களுக்குப் பாலர் பள்ளி என்பது ஆடம்பரம் அன்று. அன்றாட அடுப்பெரிவதற்கான வழி. அதன் கதவு திடீரென அடைக்கப்பட்டால் குடும்பமே நிலைகுலைந்துவிடும். அந்த நேரத்தில் பதற்றத்தாலோ பழக்கத்தாலோ நாம் எடுக்கும் முடிவு, குழந்தையின் நலனுக்கே எதிராகப் போய்விடக்கூடும். ஆகவே, பூட்டு விழுவதற்கு முன்பே இதுபற்றிச் சிந்தித்து வைப்பது நன்று.

உத்தரவு என்ன சொல்கிறது?

"பள்ளியை மூடிவிட்டார்கள்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பலவிதமான நடவடிக்கைகள் அடங்கியிருக்கின்றன. விளக்கம் கேட்டு அனுப்பப்பட்ட அறிவிப்பாக இருக்கலாம். குறைகளைச் சரிசெய்யும்வரை விதிக்கப்பட்ட தற்காலிகத் தடையாக இருக்கலாம். அங்கீகாரமே ரத்தாகியிருக்கலாம். குற்ற வழக்கின் பொருட்டுக் கட்டிடத்திற்கு முத்திரை வைக்கப்பட்டிருக்கலாம். தொடக்கத்திலிருந்தே அங்கீகாரம் பெறாமல் நடந்த பள்ளியாகவும் இருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் பொருள் வேறு. பெற்றோர் செய்ய வேண்டியதும் வேறு.

எனவே முதல் வேலை, உத்தரவை யார் பிறப்பித்தார்கள், எந்த நாளில், எந்தக் காரணத்திற்காக என்று அறிந்துகொள்வதாகும். பள்ளி வாசலில் ஒட்டப்பட்டிருந்தால் நின்று படியுங்கள். படிக்கத் தெரியாதவர் தெரிந்தவரை அழைத்துச் செல்லுங்கள். வாசலில் ஒன்றும் இல்லையென்றால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். விளையாட்டுப் பள்ளிகளுக்கென்றே 2015ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தனி ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டிருக்கிறது. ஆதலால் "சின்னஞ்சிறு பிள்ளைகள் விளையாடும் இடத்திற்கு அங்கீகாரம் எதற்கு?" என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

தடை உத்தரவு தீர்ப்பு அன்று என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். இங்கிலாந்து நாட்டில் குழந்தைக் காப்பகங்களை மேற்பார்வையிடும் ஆஃப்ஸ்டெட் என்னும் அமைப்பு, குழந்தைகளுக்குத் தீங்கு நேரலாம் என்று நம்பக் காரணம் இருந்தால் ஒரு காப்பகத்தின் பதிவை முதலில் ஆறு வாரங்களுக்கு நிறுத்திவைக்கிறது. அந்தக் கால அளவிற்குள் விசாரணை நடக்கிறது. தேவையானால் நீட்டிக்கப்படுகிறது, காப்பகத்தார் மேல்முறையீடும் செய்யலாம். "குற்றவாளி" என்று முத்திரை குத்துவது அதன் நோக்கம் அன்று. உண்மை தெரியும்வரை குழந்தைகளை விலக்கி வைப்பதே நோக்கம். நம் நாட்டிலும், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒரு பள்ளியின் அங்கீகாரத்தைப் பறிக்குமுன் அதன் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று கூறுகிறது.

ஆக, தடை என்பது பெற்றோர்களாகிய நம் சார்பில் அரசு கேட்கும் ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை வரும்வரை நாம் பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பள்ளியை வெறுத்து ஒதுக்குவதும் கூடாது; கண்ணை மூடிக்கொண்டு அதற்கு வக்காலத்து வாங்குவதும் கூடாது.

முதலில் குழந்தை

காகிதத்தைப் பார்க்குமுன் குழந்தையைப் பாருங்கள். தடைக்குக் காரணம் கட்டிடக் குறையா, உரிமம் புதுப்பிக்காமையா, அல்லது குழந்தைகள் துன்புறுத்தப்பட்டதாக எழுந்த புகாரா என்பதைப் பொறுத்து நம் கவனம் அமைய வேண்டும். துன்புறுத்தல் புகாராக இருந்தால் மிகுந்த நிதானம் தேவை.

பல பெற்றோர் அன்றிரவே குழந்தையை உட்காரவைத்து, "உன்னை அடித்தார்களா? எங்கே தொட்டார்கள்? யார் தொட்டது?" என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். நல்லெண்ணத்தால்தான் கேட்கிறார்கள். ஆயினும் மூன்று, நான்கு வயதுக் குழந்தை பெற்றோரின் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லும். விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால், நடக்காததை நடந்ததாகவும் சொல்லிவிடும். பயந்துபோய் நடந்ததை மறைத்தும்விடும். "இன்று பள்ளியில் என்னவெல்லாம் செய்தாய்?" என்பதுபோல் பொதுவாகக் கேளுங்கள். குழந்தை தானாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். சொன்ன சொற்களை அப்படியே, நாளும் நேரமும் குறித்து எழுதி வையுங்கள். பாட்டியிடம் ஒருமுறை, மாமாவிடம் ஒருமுறை என்று திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள்.

படுக்கையில் சிறுநீர் கழித்தல், தூக்கத்தில் அலறுதல், குறிப்பிட்ட ஒருவரின் பெயரைக் கேட்டாலே ஒளிந்துகொள்ளுதல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். பழகிய இடமும் ஆசிரியையும் திடீரென இல்லாமற்போனதாலும் இத்தகைய மாற்றங்கள் வரலாம். எனவே உடனே முடிவுக்கு வந்துவிடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐயத்திற்கு இடமின்றிக் குழந்தை ஏதேனும் சொன்னால் தாமதிக்கலாகாது. 1098 என்ற எண்ணை அழையுங்கள். அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையத்திற்குச் செல்லுங்கள். அன்றைய உடைகளைத் துவைத்துவிடாதீர்கள். "காவல் நிலையம் ஏறினால் பெண்பிள்ளையின் பெயர் கெட்டுவிடுமே" என்று அஞ்சுவோருக்குச் சில செய்திகளைத் தெரிவிக்க விரும்புகிறேன். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்யலாம். காவல் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. பெற்றோர் உடனிருக்கலாம். பெண்குழந்தையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். குழந்தையின் பெயரையோ படத்தையோ பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் மறைப்பதுதான் அச்சட்டத்தின்படி தண்டனைக்குரியது.

நாள்களைக் குறித்து வைப்பதன் பயனை ஆஸ்திரேலிய நாட்டு நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது. 2025 ஜூலை முதல் நாள், மெல்போர்ன் நகரில் ஒரு காப்பக ஊழியர்மீது எழுபதுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்ட செய்தியைக் காவல் துறை வெளியிட்டது. 2017 முதல் அவர் இருபதுக்கும் மேற்பட்ட காப்பகங்களில் வேலை பார்த்திருந்தார். எந்தக் காப்பகத்தில் எந்த நாள்முதல் எந்த நாள்வரை இருந்தார் என்ற பட்டியலை அரசு வெளியிட்டது. 1,200க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை செய்யும்படி பெற்றோருக்கு அறிவுறுத்தப்பட்டது. தம் குழந்தை எந்த நாள்களில் அங்கே இருந்தது என்பது தெரிந்த பெற்றோருக்குத்தான் அந்தப் பட்டியலால் முழுப் பயன் கிடைத்திருக்கும். நம் வீட்டில் அந்தக் கணக்கு இருக்கிறதா? சேர்த்த தேதி, ஆசிரியை பெயர், ஆயாவின் பெயர், வண்டி ஓட்டுநரின் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைக்கப் பத்து நிமிடம் போதும்.

வதந்திக்கு வாய் கொடாதீர்

பள்ளி மூடப்பட்ட ஒரு மணி நேரத்திற்குள் கைப்பேசிக் குழுக்களில் கதைகள் கிளம்பிவிடும். யாரோ ஒரு ஆயாவின் படம் வரும். ஏதோ ஓர் ஊரில் எப்போதோ எடுத்த காட்சி "நம்மூர்ப் பள்ளி" என்ற பெயரில் வரும். ஒருவர் கொண்டுவரும் செய்தியை ஆராயாமல் நம்பலாகாது, நம்பி ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடலாகாது என்பதை நம் மார்க்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. மக்தபில் சின்னஞ்சிறார்களுக்கும் நாம் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. பெரியவர்கள் அதைக் கைப்பேசியின் முன்னே மறந்துவிடலாமா?

மாதம் சில ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்திற்கு வேலை செய்த ஓர் ஏழைப் பெண்ணின் மானம் ஒரே இரவில் பறிபோய்விட்டால், விசாரணையில் அவர் நிரபராதி என்று தெரிந்த பிறகும் அது திரும்பி வராது. பாதிக்கப்பட்ட குழந்தையின் படத்தைப் பரப்புவது அதனினும் கொடிது. அது அனுதாபம் ஆகாது. இளைஞர் நீதிச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம் ஆகும்.

நாளைக் காலை குழந்தை எங்கே?

வேலைக்குச் செல்லும் தாய்க்கு இதுதான் தலையாய கேள்வி. பக்கத்துத் தெருவில் அவசரமாகத் திறக்கப்படும் பெயர்ப்பலகை இல்லாத வீடு ஒன்றில் குழந்தையை விடுவது, ஓர் அபாயத்திலிருந்து மற்றோர் அபாயத்திற்குத் தாவுவதாகும். மூடப்பட்ட பள்ளியின் நிர்வாகமே, "வேறொரு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம், யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று அழைத்தால் திட்டவட்டமாக மறுத்துவிடுங்கள். தடையின் காரணம் தீராமல் இடம் மட்டும் மாறுவதால் பயன் என்ன?

அங்கன்வாடி நம் ஊர்களில் எளிதில் எட்டக்கூடியது. 1975ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அடிப்படை அதுவே. கட்டணம் இல்லை; மதிய உணவு உண்டு; மேற்பார்வை உண்டு. "அங்கன்வாடிக்கு அனுப்பினால் நம் அந்தஸ்து என்னாவது?" என்று தயங்குவோர் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தஸ்தைவிடக் குழந்தையின் உயிர் பெரிது. மேலும், 2019ஆம் ஆண்டில் தமிழகத்தில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. உங்கள் பகுதியில் அத்தகைய மையம் உண்டா என்று விசாரியுங்கள். ஒரே தெருவிலுள்ள நான்கைந்து குடும்பங்கள் முறைவைத்து ஒருவர் வீட்டில் பெரியவர் கண்காணிப்பில் குழந்தைகளை வைத்துக்கொள்வதும் சில வாரங்களுக்கு உதவும்.

முதல் வகுப்பிலும் அதற்கு மேலும் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் கிடைக்கவில்லையே என்று கலங்குவதுண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டி, அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது. அச்சட்டத்தின்கீழ் ஒரு பள்ளியின் அங்கீகாரம் ரத்து செய்யப்படும்போது, அங்கே படிக்கும் பிள்ளைகளை அருகிலுள்ள எந்தப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதையும் அந்த உத்தரவிலேயே குறிப்பிட வேண்டும். இதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. கட்டிய கட்டணத்தின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். மீதித் தொகையைத் திருப்பித் தருமாறு வாய்மொழியாகக் கேட்காமல், தேதியிட்ட கடிதமாக எழுதிக்கொடுத்து அதன் நகலில் ஒப்புதல் வாங்குங்கள்.

கையெழுத்துப் போடுமுன்...

நம் போன்ற சிறு நகரங்களில் இதுவே மிகக் கடினமான கட்டம். பள்ளி மூடப்பட்ட சில நாள்களில் ஒருவர் வீடு வீடாக ஒரு காகிதத்தைக் கொண்டுவருவார். "பள்ளியை உடனே திறக்க வேண்டும் என்று திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கப்போகிறோம். எல்லோரும் போட்டுவிட்டார்கள். நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்பார். வருபவர் நம் உறவினராக இருப்பார். ஜமாஅத் பொறுப்பாளராக இருப்பார். நமக்குக் கடன் கொடுத்தவராகக்கூட இருப்பார். நடத்துபவரும் நல்லவர், தொழுகையாளி, கைம்பெண்களின் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காதவர் என்பார்கள். அவையெல்லாம் உண்மையாகவும் இருக்கலாம்.

ஆனால் சிந்தியுங்கள். நல்லவர் என்பதால் மூடியில்லாத தொட்டிக்கு மூடி வந்துவிடுமா? 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரே கட்டிடத்தில் இயங்கிய பள்ளிகளின் கீற்றுக் கூரையில் தீப்பற்றி 94 பிஞ்சுகள் கருகினார்களே, அந்தப் பள்ளியின் கூரையை முன்பே யாராவது தடுத்து நிறுத்தியிருந்தால்? அன்றும் சிலர் "பாவம், பிள்ளைகள் படிப்பு கெடுகிறது, திறந்துவிடுங்கள்" என்று மனுக் கொடுத்திருக்கக் கூடும். அந்த மனுவில் கையெழுத்திடாத பெற்றோரை ஊரார் ஏசியும் இருக்கக் கூடும். ஆனால் அந்தக் குழந்தைகள் பிழைத்திருப்பார்கள்.

ஆகவே, "உடனே திற" என்று மட்டும் சொல்லும் மனுவில் கையெழுத்திடாதீர்கள். மறுப்பது பகைமை ஆகாது. அதற்கு மாறாக வேறொரு மனுவை நீங்களே எழுதுங்கள். அதில் மூன்று வேண்டுகோள்கள் போதும்: ஆய்வில் கண்ட குறைகள் யாவை என்பதைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும், அவை நீங்கியதை அதிகாரி நேரில் பார்த்துச் சான்றளித்த பின்பே திறக்க அனுமதிக்க வேண்டும், அதுவரை பிள்ளைகளுக்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். இதில் பள்ளி நிர்வாகியும் கையெழுத்திடலாம். நேர்மையானவர் நிச்சயம் கையெழுத்திடுவார். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஆய்வறிக்கையின் நகலையும் கேட்கலாம். முப்பது நாள்களுக்குள் பதில் தர வேண்டும். விசாரணை நடந்துகொண்டிருந்தால் மறுக்கப்படவும் கூடும். அந்த மறுப்பையும் காரணத்தோடு எழுத்தில் பெறலாம்.

நம் இல்லங்களும் விதிவிலக்கல்ல

இந்த இடத்தில் நம் சமுதாய நிறுவனங்களைப் பற்றியும் மனம் திறந்து பேச வேண்டியிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் பொருந்தாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. அதனால் எந்தச் சட்டமும் நம்மைத் தொடாது என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். இது தவறு. போக்சோ சட்டம் எல்லா இடத்திற்கும் உரியது. ஆதரவற்ற குழந்தைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்கள் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு பெற்றாக வேண்டும். பெறாமல் நடத்தினால் ஓராண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் உண்டு. மாமல்லபுரம் பகுதியிலுள்ள அனாதை இல்லங்களில் குழந்தைகள் சீரழிக்கப்பட்டதைப் பற்றிய ஒரு பத்திரிகைக் கட்டுரையிலிருந்து தொடங்கி, 2007 முதல் உச்சநீதிமன்றத்தில் நடந்த வழக்கில், 2017 மே 5ஆம் தேதி தீர்ப்பு வந்தது. நாட்டிலுள்ள அத்தகைய இல்லங்கள் யாவும் அவ்வாண்டு இறுதிக்குள் பதிவு செய்யப்பட வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது.

எத்தீம்கானாவில் இருக்கும் பிள்ளைகள் பலருக்குத் தாய் இருக்கிறாள். தந்தை இறந்ததால், வறுமையால், அவள் பிள்ளையை அங்கே விட்டிருப்பாள். அப்படிப்பட்ட இல்லத்தின்மீது நடவடிக்கை வந்தால் அந்தத் தாய் என்ன செய்வாள்? 2021 ஜூன் மாதம் மதுரையில் இதயம் டிரஸ்ட் என்னும் இல்லத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு தாயின் ஒரு வயதுக் குழந்தை கொரோனாவால் இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்டது. புதைத்ததாக ஆவணமும் காட்டப்பட்டது. காவல் துறை விசாரித்தபோது அக்குழந்தை வேறு குடும்பத்தில் உயிரோடு இருப்பது தெரிந்து மீட்கப்பட்டது. இல்லம் மூடப்பட்டது; அங்கிருந்தோர் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டனர்.

ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்திற்குப் பிள்ளைகள் மாற்றப்படும்போது எழுதப்படிக்கத் தெரியாத தாய் தவித்துப்போவாள். அவள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நேரில் செல்ல வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்று, குடும்ப அட்டை, இருவரும் சேர்ந்திருக்கும் நிழற்படம் ஆகியவற்றைக் கொண்டுசெல்ல வேண்டும். பிள்ளை எங்கே மாற்றப்பட்டிருக்கிறான் என்பதைக் குழுவிடம் எழுத்தில் கேட்க வேண்டும். வீட்டுக்கே அழைத்துச் செல்ல விரும்பினால் அதற்கும் அக்குழுவே வழி. அந்தத் தாயோடு துணைக்குச் செல்வது ஜமாஅத்துகளின் கடமையாகும். நிறுவனத்தின் பெயரைக் காப்பாற்ற வழக்கறிஞரைத் தேடும் வேகத்தில் பாதியேனும் அந்தத் தாய்மார்களுக்காகக் காட்டுவோமாக!

மீண்டும் கதவு திறக்கும்போது

தடை நீங்கிப் பள்ளி திறக்கப்பட்டால், முதல் நாளே குழந்தையை வாசலில் விட்டுவிட்டு ஓடாதீர்கள். உள்ளே சென்று பாருங்கள். தடையை நீக்கிய உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள். தொட்டிக்கும் கிணற்றுக்கும் பூட்டிய மூடி உண்டா? கழிப்பறைக்குக் குழந்தையோடு யார் செல்கிறார்? வெளிக்கதவைக் காப்பவர் யார்? புதிதாக வேலைக்கு வந்தவரைப் பற்றி எங்கே விசாரித்தார்கள்? எந்த நேரத்திலும் பெற்றோர் உள்ளே வரலாமா? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் விடை தருபவரிடம் குழந்தையை ஒப்படையுங்கள். சினம் கொள்பவரிடம் வேண்டாம்.

உண்மையில் இக்கேள்விகள் சேர்க்கும் நாளிலேயே கேட்கப்பட வேண்டியவை. ஒரு பசுவை வாங்கப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். ஒரு சென்ட் நிலம் வாங்க முப்பது ஆண்டு வில்லங்கம் பார்க்கிறோம். ஆனால் குழந்தையைச் சேர்க்கும்போது சீருடையின் நிறத்தையும் ஆங்கிலப் பாட்டையும் பார்த்து மயங்கி, அங்கீகாரச் சான்றைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

குழந்தை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை நாம் சில மணி நேரம் இன்னொருவர் கையில் கொடுக்கிறோம். கொடுத்ததால் நம் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. அரசு ஒரு பள்ளியின் கதவைப் பூட்டலாம், திறக்கலாம். பெற்றோரின் கண் மட்டும் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும்.